கட்டிலருகே கைபேசி



இந்த ஆண்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இந்த அரங்கில் பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். மீதிப் பேர் அவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்கள். நான் பொது மருத்துவத் துறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே கைபேசி, கணினி, செயற்கை நுண்ணறிவு என்று எதைப் பற்றிப் பேசினாலும், வார்டில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் என்னால் பேச முடியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாணவரைக் கூடுதல் ஆயத்தத்தோடு கட்டிலருகே அனுப்பிவைக்கிற கைபேசி நல்ல துணை. கட்டிலருகே போகாமலே படிப்பை முடித்துவிடலாம் என்று நம்பவைக்கிற கைபேசி ஆபத்து. இரண்டும் ஒரே கருவிதான். அது எப்படி வேலை செய்யும் என்பது மாணவரின் கட்டுப்பாட்டை மட்டும் பொறுத்ததில்லை. ஆசிரியர்கள் பாடத்தையும் தேர்வையும் எப்படி அமைக்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல், அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தேர்வில் தேறிய மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. இவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் உண்டு. பிளஸ் டூ வரை தமனி, சிரை, விலா எலும்பு என்று படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, முதல் வாரத்திலிருந்தே அனாடமி வகுப்பு ஆங்கிலத்திலும் லத்தீன் பெயர்களிலும் நடக்கிறது. பேராசிரியர் சொல்லும் தசையின் பெயரைக் குறித்துக்கொள்ளக்கூட முடியாது, எழுத்துக்கூட்டத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் நகரத்தில் பெரிய பள்ளியில் படித்தவர். அவருடைய நோட்டை எட்டிப் பார்க்கக் கூச்சம். எழுந்து நின்று "புரியலை சார்" என்று சொல்ல அதைவிடக் கூச்சம். முதல் இன்டர்னல் தேர்வில் தவறிவிட்டு, தனக்கு மூளை போதாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்பிவிட நினைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. மொழி குறுக்கே நின்றது, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசி என்ன செய்கிறது என்று பாருங்கள். விடுதி அறையில், இரவு பத்து மணிக்கு, அதே தசையைப் பற்றிய காணொளியைப் போட்டு, வேகத்தைக் குறைத்துக் கேட்கிறார். புரியாத இடத்தில் நிறுத்துகிறார். திரும்பப் போடுகிறார். பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுத் தானும் சொல்லிப் பார்க்கிறார். பத்து முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. முன்பெல்லாம் இந்த உதவி, மனமிரங்கிச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சீனியர் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் வாய்த்தது. கல்லூரி வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எதிர்ப்பேன். விடுதியில் வைஃபை சரியாக வராத ஒவ்வொரு நாளும் யாருக்கு அதிக நஷ்டம் என்பதை முதல்வர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். டேட்டாவுக்குக் காசு போட முடிகிற பிள்ளை எப்படியும் படித்துவிடும்.

ஆனால் பார்ப்பதும் படிப்பதும் ஒன்று என்று இந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. நன்றாகத் தயாரித்த ஒரு காணொளியை இரண்டாம் முறை பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த நிறைவு ஏமாற்றக்கூடியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்ததை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் வெகுவாக முந்திவிட்டார்கள். இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தாம்.

இந்த இடத்தில் கைபேசி உண்மையிலேயே புத்தகத்தைவிடக் கெட்டிக்காரத்தனமாக உதவும். ஆங்கி என்று ஒரு செயலி இருக்கிறது. 2006 முதல் இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். அது கேள்வியை மட்டும் காட்டும். விடையை நீங்கள் மனதுக்குள் சொன்ன பிறகுதான் திறந்து பார்க்க வேண்டும். சுலபமாக வந்த விடையைப் பல நாள் கழித்துக் கேட்கும்; தடுமாறிய விடையை நாளைக்கே கேட்கும். மறதியைப் பற்றி ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் கண்டறிந்து வெளியிட்டதுதான் இதற்கு அடிப்படை. இப்படிக் கேள்வியும் விடையும் கொண்ட அட்டைகள் பல்லாயிரம் இணையத்தில் தயாராகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே இறக்கிக்கொள்ளாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அட்டையை நீங்களே எழுதுங்கள், தமிழ் கலந்து எழுதினாலும் பரவாயில்லை. வார்டில் பார்த்த ஒரு நோயாளியை நினைத்து எழுதிய அட்டை எளிதில் மறக்காது.

காதுக்கும் இதே பயிற்சி உண்டு. இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பை, அதாவது நாம் மர்மர் என்று சொல்கிற ஒலியை, மாணவர்கள் கண்டுபிடிக்கத் திணறுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினர், ஒவ்வொரு வகை முணுமுணுப்பையும் மாணவர்களுக்கு 500 முறை கேட்கக் கொடுத்தார்கள். அடையாளம் காணும் திறன் நன்றாகக் கூடியது என்று 2004இல் எழுதினார்கள். நம் ஊரில் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன ஓர் ஏழைப் பெண்ணின் நெஞ்சில் எத்தனை மாணவர்கள் ஸ்டெதஸ்கோப்பை வைக்க முடியும்? மூச்சு வாங்கும் அவரை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, வரிசையாக இருபது பேர் கேட்பது கொடுமை. அந்த ஒலியை முந்தின இரவு இயர்போனில் நூறு முறை கேட்டுவிட்டு வந்த மாணவருக்கு அரை நிமிடம் போதும். அவருக்கும் பயன், அந்தப் பெண்ணுக்கும் நிம்மதி. கட்டிலுக்கு ஆயத்தத்தோடு அனுப்பும் கைபேசி என்று முதலில் சொன்னது இதைத்தான்.

அனாடமியில் இந்தக் கணினிமயம் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் ஓர் ஆணின் முழு உடலையும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்குவெட்டாகப் படம் பிடித்து வெளியிட்டது. மொத்தம் 1,871 வெட்டுகள். அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடல், இன்னும் மெல்லிய வெட்டுகளாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக வந்தது. திரையில் சுழலும் முப்பரிமாண உடல்களில் பலவற்றுக்கு அவையே அடித்தளம். அந்த ஆண், டெக்சாஸ் மாநிலத்தில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயதுக் கைதி. உடலை அறிவியலுக்குக் கொடுக்க அவர் சம்மதித்திருந்தார். சிறைக்குள் இருப்பவர் தரும் சம்மதம் எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. திரையில் விரலால் சுழற்றிப் பார்க்கும் மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்பது என் கருத்து. நம் நாட்டில் 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், அறுத்துப் படிக்கும் உடலே முதல் ஆசிரியர் என்று ஒரு பாடம் முதல் ஆண்டிலேயே வைத்திருக்கிறார்கள். அதை நான் மனதார வரவேற்கிறேன். திரையில் உள்ள உடலுக்குக் கனம் கிடையாது, நாற்றம் கிடையாது. எல்லா நரம்பும் மஞ்சள், எல்லாத் தமனியும் சிவப்பு. உண்மையான உடலில் நரம்பையும் தசைநாரையும் பிரித்தறிவதே ஒரு மாதப் படிப்பு. திரையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மேசைக்குப் போங்கள். மேசையில் குழம்பியதைத் திரையில் திரும்பப் பாருங்கள். மேசையை எடுத்துவிட்டுத் திரையை மட்டும் வைக்கும் திட்டம் எந்தக் கல்லூரிக்கு வந்தாலும் ஆசிரியர்கள் மறுக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் நாடு முழுவதும் வகுப்புகள் கைபேசிக்குள் போனதை எல்லோரும் அறிவோம். அப்போது அது இல்லாவிட்டால் படிப்பே நின்றிருக்கும். ஆனால் திரும்பி வந்த மாணவர்கள் பாடத்தைச் சரளமாகச் சொன்னார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தயங்கினார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இனி வார்டுக்கு வருகிறேன். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நம் மருத்துவமனைகளில் காய்ச்சல் நோயாளிகள் நிறைந்திருப்பார்கள். டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், மலேரியா என்று சோதனைகள் போகும். ஐந்தாறு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. எல்லா முடிவும் பிடிகொடுக்காமல் வரும். அந்தக் கூட்டத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகள் இருப்பார்கள். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணிப்பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் பலருக்குக் கருகிய பொருக்கு ஒன்று உண்டாகும், சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அது இருக்கும் இடங்களும் அப்படிப்பட்டவை: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ் மடிப்பு, காதுக்குப் பின்னால், புடவை கட்டும் இடுப்பு. நம் கருத்த தோலில் அது சட்டென்று கண்ணில் படாது.

இதை எந்தச் செயலியும் கண்டுபிடித்துத் தராது. கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டும். ஒரு பெண் செவிலியர் கூட இருக்க வேண்டும். "அம்மா, உடம்புல எங்கயாவது பூச்சி கடிச்ச தடம் இருக்கான்னு பாக்கணும், கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். நல்ல வெளிச்சத்தில், அவசரப்படாமல், தலையிலிருந்து கால்வரை தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டால் நோய் இன்னதென்று பெரும்பாலும் முடிவாகிவிடும். மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தொடங்கிவிடலாம். பார்க்காமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்வரை சோதனை எழுதிக்கொண்டே இருப்போம்.

கைபேசியின் இடம் எங்கே வருகிறது? அதற்கு அடுத்தபடியில் வருகிறது. நோய் முற்றிப் படுத்திருக்கும் ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சிரை வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு அது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. நான் மாணவனாக இருந்த காலத்தில் இப்படியொரு முடிவு பாடநூலில் ஏறி, அந்தப் பதிப்பு எங்கள் நூலகத்துக்கு வந்து சேர ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று தாலுகா மருத்துவமனையில் டூட்டியில் இருக்கும் இளம் மருத்துவர், வெளிவந்த வாரமே கைபேசியில் படித்துவிடலாம். இதைப் பெரிய விடுதலை என்றே சொல்வேன். அறிவு, தலைநகரங்களிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் அக்குளைப் பார்க்காத மருத்துவருக்கு அந்த ஆய்வைப் படித்தும் பயன் இல்லை.

ஆபிரகாம் வர்கீஸ் என்ற பெயரை நாவலாசிரியராக உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். எத்தியோப்பியாவில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்தவர். அங்கே அரசியல் கலவரத்தால் படிப்பு நின்றுபோக, நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து 1979இல் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2008இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பயிற்சி மருத்துவர்கள் கணினிக்குள் இருக்கும் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்காக விவாதிக்கிறார்கள். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியோ யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார் என்பது அதன் சாரம். கணினிக்குள் இருப்பவரை அவர் 'ஐபேஷன்ட்' என்று அழைத்தார். சென்னையில் ஆசிரியர்கள் கட்டிலருகே நின்று தொட்டும் தட்டியும் கேட்டும் சொல்லிக்கொடுத்த பழக்கம் தன்னை உருவாக்கியது என்று நன்றியோடு பேசி வருபவர் அவர். ஸ்டான்ஃபோர்டில் அவர் தொடங்கிய 'ஸ்டான்ஃபோர்டு 25' என்ற திட்டம், ஒவ்வொரு மருத்துவருக்கும் கைவர வேண்டிய உடற்பரிசோதனை முறைகளை எடுத்துச் சொல்கிறது. அவற்றை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் காணொளிகளாகவும் வைத்திருக்கிறார்கள். திரையின் ஆபத்தை உரக்கச் சொன்னவரே திரையை வைத்து மாணவர்களைக் கட்டிலுக்குத் திருப்பி அனுப்புகிறார். நம் கல்லூரிகளில் பல யூனிட்களில் இன்றும் அருமையாகப் பரிசோதிக்கத் தெரிந்த மூத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன் அவர்கள் கைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தமிழில் படம் பிடித்து வைக்கும் வேலையை யாராவது எடுத்துச் செய்ய வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

நோயாளி பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் வார்டில் மருந்தின் அளவை எடைக்குத் தகுந்தபடி கணக்கிடும்போது, ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். அந்த இடத்தில் நினைவை நம்பாமல் கைபேசியைத் திறந்து சரிபார்ப்பதே நல்ல மருத்துவம். ஆனால் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு என்ன தெரிகிறது? "பிள்ளை இப்படிக் கிடக்குது, டாக்டர் போனைப் பாத்துக்கிட்டு இருக்காரு." ஆகவே, "மருந்தோட அளவைச் சரிபாக்கறேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திறந்து பாருங்கள். முடிந்தால் திரையை அவருக்கும் காட்டுங்கள். இதை ஆசிரியர் ரவுண்ட்ஸில் தானே செய்து காட்டினால்தான் மாணவர் கற்றுக்கொள்வார். இன்னொன்று, கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிடம் கைபேசியைத் தொட்டால் கழுவியது வீண். கிருமிநாசினியால் அதையும் துடைக்கப் பழக வேண்டும்.

படம் எடுப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரிய நோய் ஒன்று வார்டுக்கு வந்தால், அன்று மாலைக்குள் அந்த முகம் நான்கு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, படிக்கத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அரசு மருத்துவமனைக்கு வருகிற ஏழை, "ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றால் மறுக்க மாட்டார். மறுத்தால் சிகிச்சை கிடைக்காதோ என்று பயப்படுவார். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள், நோயாளியை அடையாளம் காணும்படியான படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. கைபேசி எல்லோர் கைக்கும் வருவதற்கு முன் எழுதிய விதி அது. இன்று அதன் தேவை பல மடங்கு. எதற்காக எடுக்கிறேன், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முகமும் பெயரும் படுக்கை எண்ணும் படத்தில் வரக் கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால், முன்பைவிட அன்பாக நடந்துகொள்ளுங்கள்.

எந்தச் செயலியை நம்புவது என்ற கேள்விக்கு ஒரு பாம்புக்கடியை வைத்துப் பதில் சொல்கிறேன். உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் நல்ல செயலிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்படுபவை. பாம்புக்கடி என்று தேடினால் கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றியும் அங்கே கிடைக்கும் விஷமுறி மருந்தைப் பற்றியும் விரிவாகச் சொல்லும். நம் வயல்வெளியில் கடிப்பவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரித்த ஒரே மருந்துதான் நம் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்ததா என்று அறிய நாம் செய்யும் முதல் சோதனைக்கு ஓர் உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய் போதும். இரண்டு மில்லி ரத்தத்தை அதில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தவறாகிவிடும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தால், கடித்த தடமே இல்லாவிட்டாலும், இமை சரிகிறதா என்று பார்த்துக் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். கைபேசியில் எதைப் படித்தாலும், இதை எழுதியவர் எந்த ஊர் நோயாளியை மனதில் வைத்து எழுதினார் என்று கேட்கும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே ஏற்படுத்த வேண்டும்.

தொலைவை வெல்வதில் இந்தத் தொழில்நுட்பம் என்ன சாதிக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே அல்புகர்க்கி நகரில் சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வம்சாவளிக் கல்லீரல் நிபுணர் இருந்தார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்; பாலைவன ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தார்கள். அன்றைய மருந்துகள் கடுமையான பக்கவிளைவுகள் கொண்டவை. உள்ளூர் மருத்துவர்கள் தொடப் பயந்தார்கள். 2003இல் அரோரா ஒரு காரியம் செய்தார். வாரம் ஒருமுறை அந்த உள்ளூர் மருத்துவர்களைக் காணொளியில் கூட்டினார். விரிவுரை கொஞ்சம்தான். ஒவ்வொருவரும் தன் நோயாளியின் நிலையைச் சொல்வார். நிபுணர்களும் மற்ற ஊர் மருத்துவர்களும் சேர்ந்து யோசிப்பார்கள். அடுத்த வாரம் அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று திரும்பக் கேட்பார்கள். இந்தத் திட்டத்துக்கு எக்கோ என்று பெயர். 2011இல் முடிவுகள் வெளிவந்தன. 16 ஊர் மருத்துவ நிலையங்களிலும் 5 சிறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியது. பல்கலைக்கழக மருத்துவமனையில் நிபுணர்களே சிகிச்சை தந்தவர்களில் 57.5 சதவீதம். தீவிரமான பக்கவிளைவுகள்கூட ஊர்ப்புறத்தில் குறைவாகவே இருந்தன.

நோயாளியை நிபுணரிடம் கொண்டுவரும் காணொளி மருத்துவம் நமக்குப் பழக்கமாகிவிட்டது. அரோரா செய்தது வேறு. நிபுணரின் அறிவை, நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கும் மருத்துவரிடம் கொண்டுபோனார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநலத்திலும் போதைப் பழக்கச் சிகிச்சையிலும் இதே முறையில் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. நம்முடைய ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களோடு வாரம் ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்த மருத்துவர்களில் பலர் நம் பழைய மாணவர்கள்தானே. இறுதியாண்டு மாணவர்களையும் அதில் உட்கார வைக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் இல்லாத ஊரில் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்று அவர்கள் கேட்கட்டும்.

கடைசியாகச் செயற்கை நுண்ணறிவு. 2023 பிப்ரவரியிலேயே, சாட்ஜிபிடி அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுக் கேள்விகளில் தேர்ச்சி எல்லையை ஒட்டி மதிப்பெண் பெற்றது என்று ஓர் ஆய்வு வந்தது. அதன் பிறகு இந்தக் கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. ஒரு கருத்தைத் தமிழில் விளக்கச் சொல்ல, நோயாளியைப் போலப் பேசவைத்து ஹிஸ்டரி எடுத்துப் பழக, இவை நல்லவை. இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் குணமும் இவற்றுக்கு உண்டு. அதனால் மூலத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் ஏற்கக் கூடாது. எனக்கு உண்மையான கவலை தருவது வேறொன்று. 2025 ஆகஸ்டில் போலந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும்போது, புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டிகளைச் சுட்டிக்காட்டும் கருவி நான்கு மையங்களில் வந்தது. பழகிய பிறகு, கருவியை அணைத்துவிட்டு மருத்துவர்கள் தம் கண்ணால் மட்டும் பார்த்த பரிசோதனைகளை எண்ணினார்கள். கருவி வருவதற்கு முன் 28.4 சதவீதப் பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்தவர்கள், வந்த பின் 22.4 சதவீதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் செய்து கைதேர்ந்தவர்கள். நடந்ததைப் பார்த்து எண்ணிய ஆய்வுதான் அது; வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும், பயின்ற கண்ணே மழுங்கக்கூடும் என்றால், இன்னும் பயிலவே தொடங்காத கண் என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். முதலில் தானே பார்த்து, தானே ஒரு முடிவை கேஸ் ஷீட்டில் எழுதி, அதன் பிறகே கருவியைக் கேட்பது என்ற ஒழுங்கைப் பயிற்சிக் காலம் முழுவதும் கட்டாயமாக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சுற்றறிக்கை போதாது. மாணவர் எதில் மதிப்பெண் வருமோ அதைத்தான் பழகுவார். ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு செய்முறைத் தேர்வில், ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதிக்கும் லாங் கேஸ் இப்போது போலவே, கைபேசியை வெளியே வைத்துவிட்டு, நோயாளியோடு மட்டும் நடக்கட்டும். அதோடு கைபேசியைத் திறந்துவைத்து எழுதும் ஒரு சிறு தேர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான ஒரு கேள்வியைக் கொடுங்கள்: கர்ப்பிணிக்கு ஸ்க்ரப் டைஃபஸ், எந்த மருந்து? பத்து நிமிடம் தேட விடுங்கள். எங்கே தேடினார், அதை எழுதியது யார், எந்த ஆண்டு, நம் மருத்துவமனையில் அந்த மருந்து கிடைக்குமா என்று தேர்வாளர் கேட்கட்டும். பிறகு அந்தப் பெண்ணின் மாமியாராக ஒருவரை உட்காரவைத்து, கண்டுபிடித்ததை அவருக்குப் புரியும் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கும் தனியாக மதிப்பெண் வையுங்கள். முதலில் ஒரு கல்லூரியில் ஒரு வகுப்புக்கு மட்டும் நடத்திப் பார்க்கலாம். கேள்விகள் தயாரித்துக் கொடுக்கவும், தேர்வாளராக வந்து உட்காரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.